மறைந்தும் மறையாத காரணி: விகிதமுறு கோவைகளும் மாறிக்குரிய விலக்குகளும்

எண்ணும் எழுத்தும் இருவேறு உலகங்கள் என்னும் எண்ணம் தமிழ் பயில வரும் மாணவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பத்தாம் வகுப்போடும் பன்னிரண்டாம் வகுப்போடும் கணிதத்திற்கு விடைகொடுத்துவிட்டோம் என்று மகிழ்ந்து இலக்கிய வகுப்பில் வந்தமர்வோர் பலர். ஆயின் பட்டம் பெற்று அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளில், விட்டுவந்த கணிதம் திறனறிவு என்னும் பெயர் பூண்டு எதிரே வந்து நிற்கின்றது. சுருக்குதல், மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு எனப் பாடத்திட்டம் விரிகின்றது. தமிழ்த்துறை மலரில் கணிதக் கட்டுரைக்கு என்ன இடம் என வினவுவோர்க்கு இதுவே நம் விடை. மேலும், இலக்கணம் பயின்ற மாணவர்க்கு இயற்கணிதம் அயலானதன்று. விதியும் விதிவிலக்கும் அறிந்தவர்க்கு அங்கும் அவையே காத்திருக்கின்றன.

இயற்கணிதத்தில் பின்ன வடிவில் அமையும் கோவைகளைச் சுருக்குங்கால் பெரும்பாலோர் விட்டுவிடும் ஒரு செய்தியையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. சுருக்கும்போது மேலும் கீழும் அடிபட்டுப் போகும் காரணி தாளிலிருந்து மறைகின்றது; ஆயினும் அது விதித்த தடை மறைவதில்லை. இவ்வளவே செய்தி. ஆனால் இதனை உணராமையால் விளையும் பிழைகள் சிறியன அல்ல.

முதற்கண் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மதிப்பு இன்னதென வரையறுக்கப்படாத எண்ணைக் குறிக்கும் எழுத்து மாறி எனப்படும். மாறியின் அடுக்குகளை எண்களாற் பெருக்கிக் கூட்டியும் கழித்தும் அமைப்பது பல்லுறுப்புக் கோவை. ஒரு பல்லுறுப்புக் கோவையை மற்றொன்றால் வகுப்பதாக எழுதினால் அது விகிதமுறு கோவை. மேலே நிற்பது தொகுதி; கீழே நிற்பது பகுதி. பகுதி என்றவுடன் பகுபத உறுப்பிலக்கணம் நினைவுக்கு வருதல் நமக்கு இயல்பே. அங்கே பகுதி சொல்லின் முதலில் நிற்கும். இங்கே பின்னத்தின் அடியில் நிற்கும். எங்கு நின்றாலும் அதனையே முதலில் நோக்க வேண்டும் என்பதில் இரு துறைக்கும் வேறுபாடில்லை.

மாறியைப் பள்ளியில் அயல்மொழி எழுத்தாற் குறித்திருப்பீர்கள். எந்த எழுத்தாற் குறித்தாலும் கணிதம் மாறாது. இங்கு 'ய' என்னும் எழுத்தைக் கொள்வோம். இதற்கு ஒரு வரலாற்றுப் பொருத்தமும் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டினரான இரண்டாம் பாஸ்கரர் தெரியாத எண்ணை 'யாவத்தாவத்' எனக் கூறி, அதன் முதலெழுத்தாகிய 'யா' என்பதையே குறியீடாக எழுதினார். அவருக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முன்னர், கி.பி. 820ஐ ஒட்டிப் பாக்தாதில் கலீஃபா மாமூன் அவையிலிருந்த அல் குவாரிஸ்மி தெரியாத எண்ணைப் 'பொருள்' எனப் பொருள்படும் 'ஷய்' என்னும் அரபுச் சொல்லாலும், 'வேர்' எனப் பொருள்படும் 'ஜித்ர்' என்னும் சொல்லாலும் சுட்டினார். அவர் நூலில் குறியீடே இல்லை, எல்லாம் உரைநடைதான். அந்நூலின் பெயரிலுள்ள 'அல் ஜப்ர்' என்பதே, 1145இல் செஸ்டர் நகர ராபர்ட் இலத்தீனில் மொழிபெயர்த்த பின்னர், ஐரோப்பா முழுதும் அல்ஜீப்ரா எனப் பரவிற்று. ஜப்ர் என்பதற்குக் குறையுற்றதை மீளச் சேர்த்து நிறைவு செய்தல் என்பது பொருள். சமன்பாட்டின் ஒருபுறம் கழிக்கப்பட்டு நிற்பதை மறுபுறம் கூட்டி நேராக்கும் செயலை அச்சொல் குறித்தது. இழந்ததை மறவாது கணக்கில் வைப்பது என்னும் அப்பொருள் நாம் இங்குப் பேசவிருக்கும் செய்திக்கும் வாய்ப்பாகவே அமைந்துள்ளது. நம் வழக்கில் இத்துறை இயற்கணிதம் ஆயிற்று; ஈழத்துப் பழைய பாடநூல்கள் அட்சரகணிதம் என்றன.

சுழியால் வகுத்தல்

விகிதமுறு கோவையில் மாறிக்கு எம்மதிப்பையும் இடலாம். பகுதியைச் சுழியாக்கும் மதிப்பை மட்டும் இடலாகாது. பாடநூல்கள் பூச்சியம் என்பதனையே நாம் சுழி என்கின்றோம். ஏன் இடலாகாது? 'ஆசிரியர் கூடாது என்றார்' என்பது விடையாகாது.

வகுத்தல் என்பது பெருக்கலின் மறுதலை. 12ஐ 3ஆல் வகுக்க 4 வருகின்றது என்றால், 3ஐ 4ஆற் பெருக்க 12 வரும் என்பதே அதன் கருத்து. அவ்வாறாயின் 12ஐச் சுழியால் வகுத்தால் வருவது யாது? சுழியை எதனாற் பெருக்கினால் 12 வரும்? எதனாற் பெருக்கினும் சுழியே வரும். எனவே விடையாகத் தக்க எண் ஒன்றும் இல்லை. இனிச் சுழியைச் சுழியால் வகுத்தால்? சுழியை எதனாற் பெருக்கினால் சுழி வரும்? 4ஆற் பெருக்கினும் வரும். 400ஆற் பெருக்கினும் வரும். எனவே எல்லா எண்களும் விடையாகின்றன. முன்னதில் விடை இல்லாமையால் இடர். பின்னதில் விடை மிகுதியால் இடர். இரண்டிடத்தும் 'இதுதான் விடை' என ஒன்றைச் சுட்ட இயலாது. ஆகவே இரண்டும் வரையறுக்கப்படாதவை. எனினும் இரண்டும் ஒருதன்மையன அல்ல என்பதை மனத்திற் கொள்க. இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

இதனை நம் முன்னோர் எளிதில் கடந்துவிடவில்லை. 628இல் பிரம்மஸ்புட சித்தாந்தம் இயற்றிய பிரம்மகுப்தர் சுழியைச் சுழியால் வகுக்கச் சுழியே வரும் என்றார். பிற எண்களைச் சுழியால் வகுத்தால், சுழியைப் பகுதியாக உடைய பின்னம் என அப்படியே விட்டுவிட்டார். ஒன்பதாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த சமணப் பேராசிரியர் மகாவீரர், தம் கணித சார சங்கிரகத்தில், சுழியால் வகுக்கப்பட்ட எண் மாறாது நிற்கும் என்றார். (அந்நூல் எம். ரங்காசாரியரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912இல் சென்னை அரசாங்க அச்சகத்திலேயே அச்சேறியது.) இவ்விரு கூற்றுகளையும் இன்றைய கணிதம் ஏற்பதில்லை. ஆனால் 1150இல் லீலாவதி இயற்றிய பாஸ்கரர் தரும் ஒரு கணக்கு நம்மை வியக்க வைக்கின்றது. ஓர் எண்ணைச் சுழியாற் பெருக்கி, வந்ததனோடு அதன் பாதியைக் கூட்டி, மூன்றாற் பெருக்கி, சுழியால் வகுத்தால் 63 வருகின்றது; அவ்வெண் யாது என்பது கணக்கு. விடை 14 என்கிறார். மேலும் செயல்கள் எஞ்சியிருக்குமாயின் சுழியாற் பெருக்கும் செயலை உடனே முடித்துவிடாமல் சுழியைப் பெருக்கியாகவே வைத்திருக்க வேண்டும் என்பது அவர் விதி. அதாவது, மேலே பெருக்கியாய் நிற்கும் சுழியையும் கீழே வகுத்தியாய் நிற்கும் சுழியையும் பொதுக் காரணியாகக் கருதி அவர் நீக்கிவிடுகின்றார். எஞ்சுவது எண்ணின் நான்கரை மடங்கு 63 என்பது, எண் 14. இன்றைய நோக்கில் இச்செயல் தடைக்குரியது. ஆயினும், அணுவளவு சிறிய ஓர் எண் அந்தச் சுழியிடத்தில் நின்றால் விடை 14ஆகவே இருக்கும் என்பதை அவர் உள்ளம் உணர்ந்திருந்தது போலும்! பின்வந்தோர் எல்லை என்னும் கருத்தினால் இவ்வுணர்வுக்கு வரம்பு கட்டினர்.

இத்தடை ஏட்டளவில் நிற்பதன்று. 1997 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்னும் போர்க்கப்பலில், தரவுப் பதிவின் ஓரிடத்தில் ஒரு சுழி இடப்பட்டது. கணிப்பொறி அச்சுழியால் வகுக்க முற்பட்டு நிலைகுலைய, கப்பலின் உந்துவிசை அமைப்பே செயலற்றது. கப்பல் இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகக் கடலில் அசையாது கிடந்தது.

சுருக்கும் முறை

இனிக் கோவை ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

(ய² − 9) / (ய² − 5ய + 6)

முதற்செயல், மேலும் கீழும் காரணிப்படுத்துதல். தொகுதி இரு வர்க்கங்களின் வேறுபாடு. ஆதலின் (ய − 3)(ய + 3) ஆகும். பகுதியில், பெருக்கினால் 6உம் கூட்டினால் −5உம் வரும் இரண்டு எண்கள் −2, −3. ஆதலின் அது (ய − 2)(ய − 3) ஆகும். எனவே கோவை,

(ய − 3)(ய + 3) / (ய − 2)(ய − 3)

என நிற்கின்றது. இவ்விடத்தில் பேனாவைச் சற்றே நிறுத்துக. அடிப்பதற்கு முன் பகுதியைப் பார்த்து எழுத வேண்டியதை எழுதிவிடுக: ய ≠ 2, ய ≠ 3. பகுதியின் காரணிகளுள் யாதேனும் ஒன்று சுழியானால் பகுதி முழுதும் சுழியாகும் என்பதால் இரண்டும் விலக்கு. இதன் பின்னரே (ய − 3) என்னும் பொதுக் காரணியை மேலும் கீழும் நீக்குக. எஞ்சுவது:

(ய + 3) / (ய − 2), ய ≠ 2, ய ≠ 3

எளிய வடிவை மட்டும் காண்போர்க்கு ய ≠ 2 என்பது கண்ணெதிரே தெரியும். ய ≠ 3 என்பது தெரியாது. அதனைத் தெரிவிக்க வேண்டிய காரணி நீங்கிவிட்டது. எழுதிவைத்த குறிப்பொன்றே இப்போது அதற்குச் சான்று.

தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. 'பால் குடித்தான்' என்னும் தொடரில் ஐ உருபு தாளில் இல்லை. ஆயினும் அது செயப்படுபொருளை உணர்த்தி நிற்கின்றது. அதனால்தான் அதனை இரண்டாம் வேற்றுமைத் தொகை என்கின்றோம்; உருபு இல்லை என்று சொல்லாமல், தொக்கு நிற்கின்றது என்கின்றோம். மரவேர் என்பதில் மகர மெய் கெட்டது. ஆயினும் பிரித்தெழுதச் சொன்னால் மரம், வேர் எனக் கெட்ட மெய்யை மீட்டெழுதுகின்றோம். அடிபட்ட காரணியும் அத்தகையதே. ய ≠ 3 என்னும் குறிப்பு, தொக்கு நிற்கும் காரணியை விரித்துக் காட்டும் உரை. உரையாசிரியர் விடுத்த இடத்தில் மாணாக்கன் தடுமாறுவதைப் போலவே, இக்குறிப்பை விடுத்த இடத்திற் கணக்கும் தடுமாறும்.

ய-க்கு 4 என்னும் மதிப்பை இட்டுப் பார்ப்போம். முதற்கோவையில் 7/2, எளிய வடிவிலும் 7/2. இனி 3ஐ இடுக. எளிய வடிவம் 6 என்கிறது. முதற்கோவையோ 0/0 என நின்று விடைகூற மறுக்கின்றது. ஆகவே 'இரண்டும் சமம்' என்று வாளா கூறுதல் 3 என்னும் ஓரிடத்திற் பொய்யாகின்றது. 'ய ≠ 3 எனின் இரண்டும் சமம்' என்பதே மெய்யான கூற்று.

விலக்கப்பட்ட இவ்விரு மதிப்புகளும் இருவகையின என்றோம். அதனை இங்கே காணலாம். 3ஐ நெருங்கிய மதிப்புகளை இடுக. 3.1ஐ இட்டால் ஏறத்தாழ 5.55; 2.9ஐ இட்டால் ஏறத்தாழ 6.56. இருபுறமிருந்தும் நெருங்க நெருங்கக் கோவை 6ஐ அணுகுகின்றது. வரைபடம் வரைந்தால் கோடு ஒழுங்காகச் சென்று, 3க்கு நேரே ஒரேயொரு புள்ளியை மட்டும் இழந்து, மீண்டும் ஒழுங்காகச் செல்லும். மாலையில் ஒரு மணி உதிர்ந்தாற்போல. 2ஐ நெருங்கினாலோ நிலைமை வேறு. 2.1ஐ இட 51, 2.01ஐ இட 501, மறுபுறம் 1.99ஐ இட −499. வரைபடம் ஒருபுறம் வானோக்கியும் மறுபுறம் பாதாளம் நோக்கியும் விரைகின்றது. 2 என்பது விடையில்லாத இடம். 3 என்பது விடை மிகுந்த இடம். அடிபட்ட காரணி தந்த விலக்கு உதிர்ந்த மணியாகவும், அடிபடாத காரணி தந்த விலக்கு பிளந்த நிலமாகவும் நம் எடுத்துக்காட்டில் அமைந்துள்ளன.

பகுதியில் விலக்கே தோன்றாத கோவைகளும் உள. ய² + 4 என்பது பகுதியாயின், வர்க்கம் எதிரெண் ஆகாமையால், மெய்யெண் எதனை இடினும் அது சுழியாகாது. அங்கு விலக்கு இல்லை என்றே எழுதிவிடலாம்.

பாடநூல் வழக்கும் மற்றொரு வழக்கும்

இங்கு ஒரு கருத்து வேறுபாட்டைச் சொல்லாமற் போவது முறையன்று. 2019ஆம் ஆண்டு வெளிவந்த நம் மாநிலத்துப் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூல், விலக்கப்பட்ட மதிப்பு என்பதனை எளிய வடிவிலுள்ள கோவையைக் கொண்டே வரையறுக்கின்றது. அவ்வரையறையின்படி மேற்கண்ட கோவைக்கு விலக்கப்பட்ட மதிப்பு 2 மட்டுமே, 3 இல்லை. நாம் கூறியதற்கு இது முரண் அன்றோ எனத் தோன்றும்.

முரணன்று, நோக்கு வேறு. 2/4, 1/2 என்னும் இரு பின்னங்களும் வடிவில் வேறாயினும் ஒன்றே என்கின்றோம். குறுக்கே பெருக்கினால் இருபுறமும் 4 வருதலே காரணம். கோவைகளையும் அவ்வாறே வெறும் வடிவங்களாக நோக்கலாம். (ய² − 9)ஐ (ய − 2)ஆல் பெருக்கினாலும், (ய + 3)ஐ (ய² − 5ய + 6)ஆல் பெருக்கினாலும் ய³ − 2ய² − 9ய + 18 என ஒன்றே வரும். எனவே இரு பின்னங்களும் ஒன்றே. ஒன்றேயாயின் எளியதன் விலக்கே இரண்டிற்கும் உரிய விலக்கு. இந்நோக்கில் மாறி ஒரு குறியீடு. அதில் எண்ணை இடும் பேச்சே இல்லை. மற்றொரு நோக்கில் கோவை என்பது எண்ணை வாங்கி எண்ணைத் தரும் சார்பு. 3ஐக் கொடுத்தால் வாங்க மறுப்பதும், வாங்கிக்கொண்டு 6ஐத் தருவதும் ஒரே சார்பாதல் இயலாது. மேல்வகுப்பில் சார்பும் நுண்கணிதமும் பயில்வோர் இரண்டாம் நோக்கையே கொள்கின்றனர்.

பள்ளித் தேர்வு எழுதும் தம்பி தங்கையர்க்குச் சொல்லித்தருவோர் பாடநூலின் வரையறையைப் பின்பற்றுக; மதிப்பெண் அதற்குத்தான். ஆயினும் நம் கருத்தில், காரணிப்படுத்திய வரிக்குப் பக்கத்திலேயே விலக்குகள் அனைத்தையும் குறித்துவிடும் பழக்கமே நல்லது. குறித்ததைத் தேவையில்லாவிடத்து விட்டுவிடலாம்; குறியாததை மீட்பது அரிது.

உறுப்பும் காரணியும்

(ய + 3) / (ய − 2) என எளிமைப்படுத்திய பின்னர் மேலும் கீழும் ய இருப்பதைக் கண்டு அதனையும் அடித்து, −3/2 என விடை எழுதுவோர் உளர். 4ஐ இட்டுப் பார்த்தால் 7/2 வர வேண்டும், −3/2 வருமா? கூட்டலாலும் கழித்தலாலும் இணைந்து நிற்பவை உறுப்புகள். பெருக்கலால் இணைந்து நிற்பவை காரணிகள். நீக்கத் தக்கவை காரணிகளே. (5 + 3) / (5 + 1) என்பது 8/6, அதாவது 4/3. இரு 5களையும் அடித்தால் 3 வரும். எண்ணில் கூசும் பிழையை எழுத்தில் கூசாமற் செய்கின்றோம்! ஐயம் எழும்போதெல்லாம் மாறிக்கு ஓர் எண்ணை இட்டுச் சரிபார்ப்பதே கைகண்ட மருந்து.

மற்றொரு நுட்பம்: (3 − ய) / (ய − 3) என்பதில் பொதுக் காரணி இல்லை போலத் தோன்றும். 3 − ய என்பது −(ய − 3) என அறிந்தால் விடை −1. விலக்கு ய ≠ 3. விடையில் மாறியே எஞ்சாத நிலையிலும் விலக்கு எஞ்சுகின்றது என்பதைக் காண்க.

பெருக்கலிலும் வகுத்தலிலும்

இரு கோவைகளைப் பெருக்கும்போது இரண்டின் பகுதிகளையும் நோக்கினாற் போதும். வகுக்கும்போதுதான் பலரும் வழுக்குகின்றனர்.

ய/(ய + 1) ÷ (ய − 4)/(ய + 5)

வகுக்கும் கோவையைத் தலைகீழாக்கிப் பெருக்குக என்பது விதி. அவ்வாறு செய்ய, ய(ய + 5) / (ய + 1)(ய − 4) கிடைக்கின்றது. பகுதியைப் பார்த்து −1, 4 என இரண்டை விலக்கிவிட்டு அமைதி கொள்கின்றோம். ஆனால் தலைகீழாக்கும் முன்னர் ய + 5 என்பது பகுதியாய் இருந்ததன்றோ? ய-க்கு −5 இட்டால் வகுக்கும் கோவையே பொருளற்றுப் போகும். எனவே −5உம் விலக்கு. 4 விலக்கானதன் காரணம் வேறு: 4ஐ இட்டால் வகுக்கும் கோவை சுழியாகின்றது, சுழியால் வகுத்தல் ஆகாது. ஆக, வகுத்தற் கணக்கில் மூன்றிடம் நோக்குக: வகுபடும் கோவையின் பகுதி, வகுக்கும் கோவையின் பகுதி, வகுக்கும் கோவையின் தொகுதி.

சமன்பாட்டில் நுழையும் போலி விடை

விலக்கைக் குறியாமையின் கேடு சமன்பாட்டில்தான் முழுமையாக வெளிப்படும்.

ய/(ய − 3) = 3/(ய − 3) + 2

இருபுறமும் (ய − 3)ஆல் பெருக்குக. ய = 3 + 2(ய − 3) ஆகும். அதாவது ய = 2ய − 3. எனவே ய = 3. ஒவ்வொரு படியும் ஒழுங்காகவே நடந்தது போல் தோன்றுகின்றது. ஆயின் விடையை மூலத்தில் இட்டால் இருபுறமும் பகுதி சுழி. இச்சமன்பாட்டிற்குத் தீர்வே இல்லை என்பதுதான் சரியான விடை. தொடக்கத்திலேயே ய ≠ 3 என எழுதியிருந்தால், இறுதியில் வந்த 3 தன் முகத்தைத் தானே காட்டிக்கொடுத்திருக்கும்.

இரண்டும் ஒன்றும் சமம் என நிறுவிக் காட்டும் பழைய விளையாட்டின் சூழ்ச்சியும் இதுவே. அ = ஆ என்க. இருபுறமும் அ-ஆல் பெருக்க, அ² = அஆ. இருபுறமும் ஆ²ஐக் கழிக்க, அ² − ஆ² = அஆ − ஆ². காரணிப்படுத்த, (அ − ஆ)(அ + ஆ) = ஆ(அ − ஆ). பொதுக் காரணியை நீக்க, அ + ஆ = ஆ. அ-வும் ஆ-வும் சமமாதலின் 2ஆ = ஆ; எனவே 2 = 1! நீக்கப்பட்ட காரணி அ − ஆ. முதல்வரியிலேயே அது சுழி. மறைந்த காரணியை வினவாமல் விட்டதன் விளைவு இது.

ஆற்றில் ஒரு கணக்கு

இறுதியாக, விலக்கு என்பது தாளில் எழுதும் சடங்கு அன்று என்பதைக் காட்டும் கணக்கு ஒன்று. அசையாத நீரில் மணிக்கு 8 கிலோமீட்டர் செல்லும் படகு, மணிக்கு ய கிலோமீட்டர் ஓடும் ஆற்றில், எதிர்நீச்சாக 24 கிலோமீட்டர் சென்று, நீரோட்டத்தோடு 24 கிலோமீட்டர் திரும்புகின்றது. போகும்போது வேகம் 8 − ய. வரும்போது 8 + ய. மொத்த நேரம்:

24/(8 − ய) + 24/(8 + ய)

பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கு (8 − ய)(8 + ய), அதாவது 64 − ய². தொகுதிகளைக் கூட்ட, 24(8 + ய) + 24(8 − ய) = 384. எனவே நேரம் 384 / (64 − ய²). ய ≠ 8, ய ≠ −8.

நீர் ஓடாது நின்றால் ஆறு மணி நேரம். 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் எட்டு மணி நேரம். போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடலாம் என எண்ணுவோர்க்கு இதுவே மறுப்பு. 7 ஆனால் 25.6 மணி நேரம். 7.9 ஆனால் எதிர்நீச்சுக்கு மட்டும் 240 மணி நேரம், பத்து நாள்! 8 ஆனால்? படகோட்டி ஓயாது துடுப்பு வலிப்பார். படகோ கரையிலுள்ள மரத்திற்கு நேரே நின்ற இடத்திலேயே நிற்கும். எத்தனை மணி நேரத்திற் சேரும் என்னும் வினாவுக்கு விடையே இல்லை. ய ≠ 8 என்பதன் பொருள் இதுதான். ய ≠ −8 என்பது ஆறு எதிர்த்திசையில் ஓடும் நிலையைக் குறிக்கும். அப்போது போவது எளிதாகி, திரும்புவது இயலாததாகிவிடும்.

9ஐ இட்டால் என்னாகும்? இயற்கணிதம் தடுக்காது. 384 / (64 − 81) = −384/17 என எதிரெண் ஒன்றைத் தரும். ஆறு தடுக்கும். மணிக்கு 9 கிலோமீட்டர் ஓடும் நீர் படகைப் பின்னோக்கி அடித்துச் சென்றுவிடும். எதிர்நேரம் என்று ஒன்றில்லை. ஆகவே கோவை விதிக்கும் விலக்குகளோடு கணக்கின் சூழல் விதிக்கும் விலக்கையும் சேர்த்து, ய சுழியாகவோ அதற்கு மேற்பட்டதாகவோ இருந்து 8க்குக் குறைய வேண்டும் என எழுதுக. இதில் முதற்பாதியைக் காரணிகள் சொல்லும். மறுபாதியைப் படகோட்டியிடம் கேட்க வேண்டும்.